28 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது: கவுந்தப்பாடியில் மூன்று சப்வூஃபர்கள் போன கதை

ஈரோட்டுப் பக்கம் சித்தோட்டில் இருக்கும் என் ஸ்பீக்கர் பட்டறைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சரக்கு ஆட்டோவில் நான்கு 18 இன்ச் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான) ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முன்னும் பின்னும் அசைந்து சத்தம் எழுப்பும் புனல் போன்ற கோனின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தேன். முதல் இரண்டிலும் மணல் உரசுவதுபோல 'சர்ர்' என்று ஒரு சத்தம். மூன்றாவது அசையவே இல்லை. நான்காவது மட்டும் சுத்தமாக ஓடியது.

கொண்டுவந்தவர் கவுந்தப்பாடிப் பக்கம் முப்பது வருஷமாக ரேடியோ செட் (மைக் செட்) வைத்திருப்பவர். குழாய் ஸ்பீக்கர் காலத்திலிருந்து தொழிலில் இருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங் தம்பி, கோன் 28 மில்லி ஓடும்னு போட்டிருக்குதுங்களே, அப்புறம் எப்படிங்க போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கும் இருந்தது. வாங்கும் முன் கடையில் இருந்தபடியே எனக்கு போன் போட்டார். "பழசுல 9.5 மிமீ தானுங்க. இதுல 28. போடலாமுங்களா?" என்றார். நான் வேறு வேலையில் இருந்தேன். "போடலாமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். எந்தக் கணக்கில் 28 என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த நான்கு ஸ்பீக்கரும் என் மேஜைக்கு வந்திருக்காது. இந்த ஆய்வை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

அன்று என்ன நடந்தது

அவரிடம் இருப்பவை நான்கு பெட்டிகள். நான் செய்து கொடுத்தவைதான். ஒவ்வொன்றிலும் ஒரு 18 இன்ச் ஸ்பீக்கர், உள் கொள்ளளவு 180 லிட்டர், காற்றுத்துளை வைத்த பெட்டி, 40 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தது. பழைய ஸ்பீக்கர்கள் அதில் பல வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடின. டிஜே ஆர்டர்கள் கூடிக்கொண்டே போனதால் இன்னும் அடி வேண்டும் என்று பழையதைக் கழற்றி குடோனில் வைத்துவிட்டுப் புதியதை மாட்டியிருக்கிறார். ஆம்ப்ளிஃபயர் மாறவில்லை, பெட்டி மாறவில்லை, டிஎஸ்பியில் (சத்தத்தைத் திருத்தி அனுப்பும் டிஜிட்டல் கருவி) எந்த செட்டிங்கையும் தொடவில்லை.

ஊர் மாரியம்மன் பொங்கல். கம்பம் நட்ட நாளிலிருந்தே செட் ஓடிக்கொண்டிருந்தது. பொங்கலன்று இரவு வள்ளி கும்மி. இருநூறு பேருக்கு மேல் ஆடியிருக்கிறார்கள். பாட்டுக்காரர் குரலும் ஜமாப்பு மேள அடியும் ஊரெல்லையைத் தாண்டிக் கேட்டதாம், ஒரு குறையும் இல்லை. மறுநாள் மஞ்சள் நீராட்டு. சாயங்காலம் இளவட்டங்களுக்கு டிஜே. பத்து மணிக்குள் நிறுத்தியாக வேண்டும் என்பதால் கடைசி அரைமணி நேரம் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். அப்போதுதான் ஒரு பெட்டியிலிருந்து 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். "பாட்டுல வர்ற சத்தம்னு நெனச்சனுங்க" என்றார். பத்து நிமிஷத்தில் இரண்டு பெட்டி கரகரத்தன, ஒன்று ஊமையானது.

கும்மிக்குத் தாங்கியது டிஜேக்குத் தாங்கவில்லை. துப்பு இதிலேயே இருக்கிறது. ஜமாப்பு அடி எவ்வளவு பலமாக இருந்தாலும் அதன் சத்தத்தின் பெரும்பகுதி 50 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். டிஜே ரீமிக்ஸில் வரும் பேஸ் 30 ஹெர்ட்ஸ் வரைக்கும் சாதாரணமாக இறங்கும். இதற்குப் பிறகு வருகிறேன்.

திறந்து பார்த்தபோது

அசையாத ஸ்பீக்கரின் சரவுண்டையும் (கோனின் வெளிவிளிம்பு வளையம்) ஸ்பைடரையும் (கோனை உள்ளே பிடித்து நிறுத்தும் நெளிவுத் துணி) பிளேடால் சுற்றி அறுத்து, கோனைக் காயிலோடு (காந்தத்துக்குள் ஓடும் கம்பிச் சுருள்) வெளியே எடுத்தேன். முதலில் மூக்கின் அருகே வைத்து முகர்ந்தேன். வாட் தாங்காமல் போன காயிலில் வார்னிஷ் எரிந்த ஒரு நாற்றம் இருக்கும். ரீகோன் செய்பவர்களுக்கு, அதாவது போன கோனையும் காயிலையும் மாற்றிக் கொடுப்பவர்களுக்கு, அது நன்றாகவே தெரியும். இதில் துளியும் இல்லை. தாமிரக் கம்பி புதுசுபோல மின்னியது. ஆனால் காயில் சுற்றியிருக்கும் குழாயான ஃபார்மரின் அடி விளிம்பு முழுக்க நசுங்கி, பழைய பல் பிரஷ் மாதிரி வெளிப்பக்கம் விரிந்திருந்தது. கடைசி நான்கைந்து சுற்றுக் கம்பி ஃபார்மரை விட்டு நழுவி, காந்த இடைவெளியில் சிக்கிக்கொண்டிருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், காந்தத்தின் அடித்தட்டில் காயில் அளவுக்கே ஒரு வட்டம் பளபளத்தது. ஃபார்மர் போய் மோதி மோதித் தேய்த்த தடம் அது.

எனவே, இது வாட் அதிகமாகிப் போனது அல்ல. கோன் போகக்கூடாத தூரத்துக்குப் போய், காயில் அடித்தட்டில் முட்டியதால் போனது. அண்ணன் கேட்ட 'டக்... டக்' அந்த முட்டல்தான்.

அடுத்து வெர்னியர். காயிலில் கம்பி சுற்றியிருக்கும் உயரம் 23 மிமீ. மேல்தட்டின் தடிமன், அதாவது காந்தப்புலம் நிற்கும் இடைவெளியின் உயரம், 10 மிமீ. வெர்னியரின் வாலை இறக்கி, ஸ்பைடர் ஒட்டும் மட்டத்திலிருந்து அடித்தட்டு வரை ஆழத்தை அளந்தேன். அதிலிருந்து ஸ்பைடருக்குக் கீழே தொங்கும் ஃபார்மரின் நீளத்தைக் கழித்தால், கோன் சும்மா நிற்கும்போது ஃபார்மருக்கும் அடித்தட்டுக்கும் இடையே மிச்சமிருப்பது 14 மிமீ.

14-ஐ இரண்டால் பெருக்கினால் 28. போட்டிருந்த எண் கிடைத்துவிட்டது.

ஒரே ஸ்பீக்கருக்கு எத்தனை எண்

கோன் முன்னும் பின்னும் ஓடுகிறது. சும்மா நிற்கும் இடத்திலிருந்து ஒரு பக்கம் மட்டும் எவ்வளவு தூரம் என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் சேர்த்தும் சொல்லலாம். இரண்டாவது எண் முதலாவதைப்போல இரண்டு மடங்கு. எதைச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை. இது முதல் குழப்பம்.

இரண்டாவது குழப்பம் இதைவிடப் பெரியது. கோன் எவ்வளவு தூரம் ஓடினால் உடையாது என்பது ஒரு எல்லை. எவ்வளவு தூரம் வரைக்கும் ஒழுங்காக, உள்ளே போகும் சிக்னல் சொல்கிறபடி ஓடும் என்பது வேறொரு எல்லை. ஸ்பீக்கர் தாளில் எக்ஸ்மேக்ஸ் (Xmax) என்று சொல்ல வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

பெரும்பாலான சப்வூஃபரில் காயில் நீளம், காந்த இடைவெளி குட்டை. காயில் மேலும் கீழும் நகரும்போது இடைவெளிக்குள் இருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்கிற வரை இழுக்கும் விசையும் மாறாது. காயிலின் முனை இடைவெளிக்குள் நுழைந்துவிட்டால் விசை குறையத் தொடங்கும். அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கு எளிது: காயில் உயரத்திலிருந்து இடைவெளி உயரத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். நம் ஸ்பீக்கருக்கு 23-இல் 10 போக 13, அதில் பாதி 6.5 மிமீ. ஒரு பக்கத்துக்கு.

காந்தப்புலம் தட்டின் விளிம்போடு கத்தி வைத்து வெட்டியதுபோல முடிந்துவிடுவதில்லை, கொஞ்சம் வெளியேயும் கசியும். அதனால் சில கம்பெனிகள் இடைவெளி உயரத்தில் கால்பங்கைக் கூட்டிக்கொள்வார்கள், சிலர் மூன்றில் ஒரு பங்கைக்கூட. கால்பங்கு கூட்டினால் நம்முடையது 6.5 உடன் 2.5 சேர்ந்து 9 மிமீ.

பழைய ஸ்பீக்கரின் தாளைத் தேடி எடுத்தேன். காயில் உயரம் 25, இடைவெளி 12, எக்ஸ்மேக்ஸ் 9.5 என்று போட்டிருந்தது. 25-இல் 12 போக 13, பாதி 6.5, பன்னிரண்டில் கால்பங்கு 3, மொத்தம் 9.5. அதே கால்பங்குக் கணக்கு. ஆக, ஒரே தராசில் வைத்தால் பழையது 9.5, புதியது 9. மூன்று மடங்கு ஓடும் என்று நினைத்து வாங்கியது உண்மையில் அரை மில்லி குறைவு.

அதோடு போகவில்லை. பழைய தாளில் இன்னொரு வரியும் இருந்தது: சேதம் வரும் எல்லை, இரண்டு பக்கமும் சேர்த்து 50 மிமீ. ஒரு பக்கம் 25. புதியதில் அதே எல்லை வெறும் 14. முன்பு இருந்த இடத்தைவிட 11 மிமீ கிட்டே சுவரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

அண்ணனுக்குத் தோட்டம் இருக்கிறது, கிணறு இருக்கிறது. அதனால் பம்பு செட்டை வைத்தே சொன்னேன். "அதிகபட்ச ஹெட் இத்தனை மீட்டர்னு போட்டிருப்பாங்கள்லங்கண்ணா, அந்த உயரத்துக்குக் குழாய் போட்டா என்னாகும்?" சட்டென்று சொன்னார்: "தண்ணி மேல வந்து நிக்குமுங்க. ஒரு சொட்டு விழுகாது." அதேதான். நம் ஊரில் யாரும் அதிகபட்ச ஹெட்டை மட்டும் பார்த்து மோட்டார் வாங்குவதில்லை. நம் கிணற்று ஆழத்துக்கு எத்தனை லிட்டர் தரும் என்றுதான் கேட்போம். 28 என்பது அந்த அதிகபட்ச ஹெட். அதுவும் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் போட்டது.

பொய் என்றும் சொல்ல முடியாது. இந்த ஒரே ஸ்பீக்கருக்கு 6.5, 9, 13, 14, 18, 28 என்று ஆறு எண்களையும் நேர்மையாகவே எழுத முடியும், எந்த எண் எதைக் குறிக்கிறது என்று பக்கத்தில் எழுதினால்.

கணக்குப் போடாமல் அளந்தே சொல்லும் முறைகளும் உண்டு. ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி 1984-இல் வெளியிட்ட பரிந்துரையில் எக்ஸ்மேக்ஸ் என்பது மோட்டாரின் ஒழுங்கு 10 சதவீதம் பிசகும் தூரம் என்றும், எந்த முறையில் அளந்தோம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. ஜெர்மனியின் வொல்ஃப்காங் கிளிப்பெல் கொண்டுவந்த லேசர் முறை இன்னும் நுணுக்கமானது. கோன் நகர நகர காந்த விசை எப்படிக் குறைகிறது, ஸ்பைடரும் சரவுண்டும் எப்படி இறுகுகின்றன என்று தனித்தனியாக வரைந்து காட்டும். விசை 82 சதவீதத்துக்கு இறங்கும் தூரத்தை எல்லையாக வைப்பது ஒரு வழக்கம். சப்வூஃபருக்குக் கொஞ்சம் தளர்த்தி 70 சதவீதம் என்றும் வைப்பார்கள். 50 சதவீதம் வரைக்கும் போகிற கம்பெனிகளும் உண்டு. எது எடுத்தாலும் எண் மாறும். இந்த வரைபடம் போட்டிருக்கும் ஸ்பீக்கர் கிடைத்தால் நான் மற்ற எல்லா எண்ணையும் விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பேன். காயில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஸ்பைடர் முன்கூட்டியே இறுகிவிட்டால் காயில் கணக்கால் பிரயோஜனம் இல்லை. அதை அந்த வரைபடம் மட்டுமே காட்டும்.

30 ஹெர்ட்ஸில் பெட்டிக்குள் நடப்பது

சரி, எல்லை 14 என்று தெரிந்துவிட்டது. அன்று கோன் அந்த 14-ஐ ஏன் தொட்டது?

அடிப்படை இது. ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கொடுக்க வேண்டுமானால் கோன் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மிமீ ஓடி வரும் சத்தத்துக்கு 40-இல் 4 மிமீ, 20-இல் 16 மிமீ. இது மூடிய பெட்டிக்கு அப்படியே பொருந்தும்.

காற்றுத்துளை வைத்த பெட்டியின் நடத்தை வேறு. டியூன் செய்த 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் துளையில் இருக்கும் காற்றுதான் வேலை செய்யும். கோன் கிட்டத்தட்ட அசையாது. அதற்குக் கீழே போனால் பெட்டிக்குள் காற்றின் பிடி விட்டுப்போகும். முன்னால் போகும் காற்று துளை வழியாக உள்ளே வந்துவிடும். கோனைத் தடுத்து நிறுத்த ஸ்பைடரையும் சரவுண்டையும் தவிர வேறு எதுவும் இல்லை.

உருப்படியாக இருந்த நான்காவது ஸ்பீக்கரின் அளவுருக்களை எடுத்து, இந்த 180 லிட்டர் பெட்டிக்குக் கணக்குப் போட்டேன். 500 வாட் கொடுத்தால் 50-60 ஹெர்ட்ஸில் கோன் ஒரு பக்கம் ஏறக்குறைய 9.5 மிமீ ஓடுகிறது. 40-இல் 2 மிமீ அளவுக்குச் சுருங்குகிறது. 35-இல் திரும்ப 9. 30-இல் 16 மிமீக்கு மேல். 25-இல் 22. ஸ்பீக்கரில் 1000 வாட் என்று அச்சடித்திருக்கிறது. அதில் பாதி வாட்டிலேயே, 30 ஹெர்ட்ஸில் காயில் அடித்தட்டை முட்டிவிடும். அச்சடித்த வாட் என்பது காயில் சூடு தாங்கும் அளவு மட்டும். கோன் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

டிஎஸ்பியைத் திறந்து பார்த்தேன். அடித்தளத்தை வெட்டும் ஃபில்டர் 20 ஹெர்ட்ஸில், மென்மையான சரிவில் வைத்திருந்தது. 30 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. பழைய ஸ்பீக்கர்களும் இத்தனை வருஷம் இதே தவறான செட்டிங்கில்தான் ஓடியிருக்கின்றன. அவற்றுக்கு 25 மிமீ இடம் இருந்ததால் பிசகிய சத்தத்தோடு போயிற்று, முட்டவில்லை.

என்ன செய்தோம்

ஃபில்டரை 35 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி, சரிவை ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 24 டெசிபல் ஆக்கினேன். அதே 500 வாட்டில் கணக்கு இப்போது 30 ஹெர்ட்ஸில் 8 மிமீக்குள், 25-இல் 6 மிமீக்குள் வந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் 9.5. அதை 9-க்குள் அடக்க 450 வாட் போதும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 450 வாட் என்றால் 60 வோல்ட். அதைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை 60 வோல்ட்டில் நிறுத்தினேன்.

"அடி கொறஞ்சுபோகாதுங்களா?" என்றார் அண்ணன். நியாயமான பயம். 18 இன்ச் கோனின் பரப்பு சுமார் 1200 சதுர சென்டிமீட்டர். அது ஒரு பக்கம் 9 மிமீ ஓடினால், துளையின் உதவியே இல்லாமல் தரையில் வைத்து ஒரு மீட்டரில் அளந்தால், 40 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 113 டெசிபல் கிடைக்கும். அதே 9 மிமீ 20 ஹெர்ட்ஸில் தருவது 101 மட்டுமே. அந்த 12 டெசிபலை ஈடுகட்ட 36 மிமீ ஓட வேண்டும். இந்த ஸ்பீக்கரால் எந்தக் காலத்திலும் முடியாது. 35-க்குக் கீழே நாம் வெட்டியது கேட்ட சத்தத்தை அல்ல, காயிலை அடித்தட்டில் மோத வைத்த ஓட்டத்தை. அது போனதும் 50-90 ஹெர்ட்ஸில் நெஞ்சில் விழும் அடி முன்பைவிடத் தெளிவாகத்தான் வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதிக எக்ஸ்மேக்ஸ் எப்போதும் நல்லது என்று இதைப் படித்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. காயில் நீள நீள எடை கூடும். எந்த நேரத்திலும் அதில் ஒரு பகுதிதான் காந்தத்துக்குள் இருக்கும், மற்றது சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். அதே வாட்டுக்குச் சத்தம் குறையும். கோயம்புத்தூரில் வீட்டுக்குள் ஹோம் தியேட்டர் வைத்து 20 ஹெர்ட்ஸ் வரை கேட்க வேண்டும் என்பவருக்கு 20 மிமீக்கு மேல் ஓடும் கனமான ஸ்பீக்கர் சரி. ஜெனரேட்டரில், திறந்த வெளியில், 40 ஹெர்ட்ஸுக்கு மேல் ஊருக்கே கேட்க வேண்டிய ரேடியோ செட்டுக்கு 9-10 மிமீ ஓடும், குறைந்த வாட்டில் அதிகம் கத்தும் ஸ்பீக்கர்தான் பொருத்தம். அண்ணனின் பழைய ஸ்பீக்கர் அப்படிப்பட்டதுதான். ஆகவே குடோனில் இருந்த அந்த நான்கையும் திரும்பப் பெட்டியில் மாட்டினோம். புதிய ஸ்பீக்கரில் போன மூன்றையும் ரீகோனுக்கு அனுப்பியிருக்கிறோம். மண்டபக் கல்யாணங்களுக்கு, 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாத சிறிய பெட்டிகளில் அவற்றைப் போடலாம் என்று திட்டம்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு வெள்ளை அட்டையில் படுக்கைவாக்கில் ஒரு நீண்ட 'வி' வரைந்தேன். அதன் வாய் 30 மிமீ அகலம், நீளத்தில் மில்லிமீட்டர் வாரியாக அகலத்தைக் குறித்திருந்தேன். வாய் விரிவது கோன் ஓடும் திசையிலேயே இருக்கும்படி அட்டையை, பழைய ஸ்பீக்கர் மாட்டிய ஒரு பெட்டியில், கோனின் நடு மூடியின் மேல் செங்குத்தாக நிறுத்தி ஒட்டினேன். கோன் ஓடத் தொடங்கியதும் கோடுகள் இரண்டு இரண்டாகப் பிரிந்து தெரியும். மேல் எல்லையில் நிற்கும் கோடும் கீழ் எல்லையில் நிற்கும் கோடும் எந்த இடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றனவோ, அந்த இடத்தின் அகலம்தான் இரண்டு பக்கமும் சேர்த்த மொத்த ஓட்டம். ஐந்து ரூபாய் அட்டை போதும், லேசர் வேண்டாம்.

லிமிட்டர் தொடும் வரை ஏற்றிக்கொண்டு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தேன். கோடுகள் 17-இல் வெட்டின. 35-இல் 12. 30-இல் 14. ஒரு பக்கத்துக்கு ஏழு. அண்ணன் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபில்டரைப் பழைய 20 ஹெர்ட்ஸுக்கு மாற்றி 30-ஐ மறுபடி கொடுக்கச் சொன்னார். மெதுவாக ஏற்றினேன். லிமிட்டரில் பாதியைத் தாண்டும் முன்பே வெட்டுப்புள்ளி 14-ஐக் கடந்து, 18-ஐக் கடந்து, வாய்ப்பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. 20-க்கு வந்ததும் "போதுமுங் தம்பி, நிறுத்திப் போடுங்க" என்றார்.

பெட்டி நான்கையும் அன்று மத்தியானமே வண்டியில் ஏற்றினோம். அந்த வாரம் அவருக்குக் கோபியில் ஒரு கும்மி ஆர்டர் இருந்தது. அட்டையை மட்டும் கழற்ற வேண்டாம் என்று சொல்லி, ஒரு பெட்டியில் அப்படியே ஒட்டிக்கொண்டு போய்விட்டார்.